ரோஸ் டைல்ஸுக்குப் பின்னால்

புருஷனைப் பற்றிப் பெருமை பேச ரேலீனுக்கு நாற்பது வருஷமாக ஒரே விஷயம்தான் இருந்தது. நெவில் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வான். ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளாவில் அவர்கள் வயது ஆண்கள் வாஷிங் மெஷினின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமலேயே பேரன் எடுத்தவர்கள். உருக்காலையிலிருந்தோ கட்டட வேலையிலிருந்தோ வந்து, சட்டையைக் கழற்றி வாசலில் எறிந்துவிட்டு, சாப்பாடு எங்கே என்று கேட்பவர்கள். நெவில் வேலை உடுப்பைத் தானே மெஷினில் திணித்து, தானே சோப்புத்தூள் போட்டு, அது ஓடி முடிகிறவரை பக்கத்திலேயே காவல் நிற்பான். "எங்க வீட்டு ஆளு துணிய என்னைத் தொடவே விடமாட்டான்" என்று ரேலீன் சொன்னால் மற்ற பெண்களுக்கு வயிறு எரியும். அவர்கள் வயிறு எரிவது அவளுக்குப் பிடிக்கும்.

அந்தப் பெருமையெல்லாம் பேசியது பள்ளிக்கூட வாசலில்தான். இருபத்திரண்டு வருஷம் அங்கே 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை ரோடு தாண்ட வைத்தவள் அவள். லாரியோ பஸ்ஸோ, அவள் பலகையைத் தூக்கினால் நின்றாக வேண்டும். ஆறு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்து, யாரும் தன் சொல்லுக்குக் காது கொடுக்காத வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் பலகை மேல் தனி ஆசை. நெவிலின் மூச்சு குறையத் தொடங்கிய வருஷம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதாள், பிறகு உருளைக்கிழங்கு உரித்தாள்.

நெவில் ஃபைப்ரோ ஷீட் அடிக்கிற தச்சன். சிமெண்டில் கல்நாரைக் கலந்து செய்த அந்த ஷீட்டில்தான் அந்தக் கரையோரத்தில் பாதி வீடுகள் எழுந்தன. இவர்கள் வீட்டின் வெளிச்சுவரும் அதுதான். அறுக்கும்போது பறக்கும் தூசியை வாயால் ஊதித் தள்ளிவிட்டு அடுத்த ஷீட்டை எடுக்கிறவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். அந்தத் தூசி நெவிலின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அவனுக்கு எழுபத்துநாலு. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைதூரம் போய்விட்டாள், வீட்டில் இவர்கள் இருவர்தான். கூடத்தில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மூக்குக்கு வரும் குழாய் பதினைந்து மீட்டர். சமையலறைக்கு எட்டும், துவைக்கிற இடத்துக்கு எட்டும், குளியலறை வாசல் வரை எட்டும். வெளியே தபால்பெட்டிக்கு எட்டாது. ரேலீனின் மூக்கில் குழாய் எதுவும் இல்லை. ஆனால் அவளும் மூன்று வருஷமாக அந்தப் பதினைந்து மீட்டரைத் தாண்டி முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனதில்லை. கடைக்குப் போனாலும் பால் வாங்கும்போதே கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

இந்த நிலைமையிலும் துணி துவைப்பதை மட்டும் நெவில் விடவில்லை. மெஷின் எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, குழாயும் மூக்குமாக உட்கார்ந்திருப்பான். "இப்ப என்ன உழைச்சுக் கொட்டிட்டு வந்த சட்டையா அது? வெறும் பைஜாமா. குடு இங்க" என்பாள். "என் அழுக்கு, என் பாடு" என்பான். சரி, கிழவனுக்கு அது ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வினை குளியல் தொட்டியில் வந்தது. ஒவ்வொரு காலாகத் தூக்கி அந்த விளிம்பைத் தாண்ட வைக்க வேண்டும். இரண்டு முறை வழுக்கி விழுந்தான். இரண்டாவது முறை அவனைத் தூக்க முடியாமல் அவளும் தொட்டிக்குள்ளேயே இறங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் நல்ல பெண்தான், ஆனால் இந்த முறை கறாராகப் பேசிவிட்டாள்.

"இந்த மாசத்துக்குள்ள தொட்டியை எடுத்துட்டு, தரையோட தரையா ஷவர் போட்டாகணும், ரேலீன். இல்லேன்னா அவரை முதியோர் இல்லத்துக்கு எழுதிக் குடுக்கிறதத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

நெவில் டிவியில் ஓடிய குதிரைப் பந்தயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நர்ஸ் போனபிறகு, "அங்க போனா செத்துருவேன் ரே," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்றைக்கே ரேலீன் டைல்ஸ் போடுகிற கிளெனைக் கூப்பிட்டாள்.

கிளென் வந்து குளியலறைச் சுவரை விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்தான். ரோஸ் நிற டைல்ஸ், எண்பத்துநாலில் நெவில் தன் கையால் ஒட்டியது. தட்டிய இடமெல்லாம் உள்ளே காலியாக ஒலித்தது.

"எல்லாம் பொக்கு. இது மேல புதுசு ஒட்டினா ரெண்டும் சேர்ந்து விழும். பழசை எடுத்தே ஆகணும். பின்னாடி என்ன ஷீட்?"

"புது ஷீட்," என்றான் நெவில் வாசலில் நின்றபடி. குழாய் அதற்கு மேல் வராது. "கல்நார் இல்லாதது. ஆனா எடுக்க வேண்டாம். மேலயே ஒட்டு."

"நிக்காதுங்க."

"நான் ஒட்டுவேன், நிக்கும்."

"நீங்கதான் ஒட்டினீங்க, பொக்கா நிக்குது," என்று கிளென் சிரித்தான். நெவில் சிரிக்கவில்லை. கிளெனுக்குத் திங்கட்கிழமை ஒரு நாள் காலியாக இருந்தது, அதை விட்டால் இரண்டு மாதம். டைல்ஸை அவர்களே பிரித்து வைத்தால் திங்கட்கிழமை வேலையைத் தொடங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் அதே சண்டை. ரேலீன் பிரிக்கலாம் என்பாள், நெவில் கூடாது என்பான். ஏன் கூடாது என்று கேட்டால் சுவர் போய்விடும் என்பான், தூசி வரும் என்பான், கடைசியில் இருமலைத் துணைக்குக் கூப்பிடுவான். தன் கையால் ஒட்டியதை இன்னொருத்தர் பெயர்ப்பது பொறுக்கவில்லை, வேறென்ன என்று அவள் நினைத்தாள். பிடிவாதத்துக்குப் பிறந்தவன் என்று மனசுக்குள் திட்டினாள். வியாழக்கிழமை மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு அவன் கண் அசந்ததும், அவனுடைய உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

அவன் நெஞ்சுக்குச் சாதாரணத் தூசியே ஆகாது என்று கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தாள். கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டாள். முதல் இரண்டு வரிசை வாழைப்பழத்தோல் மாதிரி வந்தது. உளியை வைத்து ஒரு தட்டு, டைல் முழுசாகக் கையில். பின்னால் பசைக் கட்டிகள் மட்டும் சுவரில் நின்றன. இவ்வளவுதானா, இதற்கா மூன்று நாள் சண்டை என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதில் சுத்தியல் பிடிப்பது நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டைல் மட்டும் அசையவில்லை. உளியை உள்ளே விட்டு நெம்பினாள். டைல் வந்தது. கூடவே சுவரும் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து தொட்டிக்குள் விழுந்து இன்னும் இரண்டாக உடைந்தது.

குனிந்து பார்த்தாள். உடைந்த விளிம்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. அதிலிருந்து மயிரிழை மாதிரி பொசுபொசுவென்று நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கல்நார். மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பிடிக்க முடியாமல் விட்டாள், மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று. பாதியில் நின்றது. கதவைத் திறந்தால் எதிரே நடை, நடை முடிகிற இடத்தில் கூடம், கூடத்தில் நெவில். அவள் தலையிலும் சட்டையிலும் செருப்பிலும் அந்தத் தூசி. மிச்சம் இருக்கிற கால்வாசி நெஞ்சோடு அவன் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறான். கையை இழுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள்.

அப்போதுதான் சுவரில் எழுத்தைப் பார்த்தாள். டைல்ஸ் போன இடத்தில், ஷீட்டின் மேல், தச்சன் பென்சிலில் நெவிலின் கோணல் கையெழுத்து: 'ஆஸ்பத்திரி, வடக்குக் கட்டடம், 20-ல் 14. மார்ச் 79.'

குளியலறை கட்டியது எண்பத்துநாலில். இது எழுபத்தொன்பதில், ஷீட் எல்லாம் கல்நார் கலந்தே வந்த காலத்தில், ஆஸ்பத்திரி வேலையில் மிஞ்சிய ஷீட்.

ஜன்னல் குறுக்குக் கண்ணாடிப் பட்டைகள் வைத்தது, ஒரு பூனை நுழையலாம், ரேலீன் நுழைய முடியாது. ஒரு பக்கம் தொட்டி, மறு பக்கம் கழுவுதொட்டி, நடுவில் அவள் நிற்க இரண்டடி இடம். அந்த இரண்டடியில் அசையாமல் நின்றாள். அசைந்தால் தூசி எழும் என்று பயம். அவன் தூங்கி எழுந்தால் என்ன செய்வான் என்று அதைவிடப் பயம்.

எழுந்துவிட்டான். குழாய் தரையில் இழுபடும் சத்தம் நடையில் வந்தது.

"ரே? உள்ள என்ன பண்ற?"

இழுபடும் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"என் உளியைக் காணோம். ரே. கதவைத் திற."

"திறக்க முடியாது."

பிடி ஆடியது. தாழ்ப்பாள் தாங்கியது. அடுத்து அவன் கேட்டபோது குரல் வேறு ஆளுடையது மாதிரி இருந்தது.

"ஒடச்சிட்டியா?"

"ஆமா."

"எவ்ளோ பெருசு?"

"தட்டு அளவு. தொட்டிக்குள்ள விழுந்து ரெண்டாச்சு."

"அசையாத. எதையும் கூட்டாத, துடைக்காத. என் ஷேவிங் நுரை டப்பா அலமாரில இருக்கா?"

"இருக்கு."

"ஒடஞ்ச விளிம்பு மேல பூரா அடி. கெட்டியா, நார் பறக்காத மாதிரி. கேக்குக்கு க்ரீம் வைக்கிற மாதிரி. அப்புறம் துண்டை நனைச்சு, தொட்டில கெடக்கிறது மேல மெதுவாப் போடு. தண்ணிய வேகமாத் திறந்துராத."

சொன்னபடி செய்தாள். உடைந்த சுவர் வெள்ளை நுரைக்குள் போய் மறைந்தது. அவனுடைய காலை நேரத்து வாசனை அறை முழுக்கப் பரவியது. பாதி நுரை தண்ணீர்க் குழாய் மேலும் வழிந்தது.

"பண்ணிட்டேன்."

"நல்லது. இப்ப கதவைத் திற. நான் உள்ள வர்றேன், நீ வெளிய போ."

"உனக்குப் பைத்தியமா?"

"எனக்கு இனிமே என்ன ரே ஆகப்போவுது? ஆக வேண்டியதெல்லாம் ஆயாச்சு. நீ நின்னு இழுக்கிற ஒவ்வொரு மூச்சும்..." இருமல் வந்து மிச்சத்தைத் தின்றது. அவள் கதவில் முதுகை அண்டக் கொடுத்து நின்றுகொண்டாள். இருபத்திரண்டு வருஷம் லாரியை நிறுத்தியவள், இந்தக் கிழவனை நிறுத்தமாட்டாளா?

"நெவ், சுவத்துல உன் கையெழுத்து இருக்கு."

கூடத்து மெஷினின் உறுமல் தூரத்தில் கேட்டது.

"எழுபத்தொம்பதுன்னு போட்டிருக்கு," என்றாள்.

"ஷெட்டுல சும்மா கெடந்துச்சு," என்றான் கடைசியில். "நீ புது ஷீட்டுதான் வேணும்னு நின்ன. புதுசுன்னு சொல்லிட்டேன். ஒரு சின்னப் பொய். அப்ப யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த வருஷம் யூனியன்காரன் ஒருத்தன் வேலை எடத்துக்கு வந்தான். படம் காட்டினான், நெஞ்சுக்குள்ள இது என்ன பண்ணும்னு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாத்தா நீ பாப்பாவைத் தொட்டில ஒக்கார வெச்சுக் குளிப்பாட்டிட்டு இருக்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"டைல்ஸுக்குப் பின்னால கெடக்கிற வரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது. ஒடச்சாத்தான் வெசம். அதான் யாரையும் தொட விடல."

அதான். தொட விடல. அந்தச் சொல் ரேலீனுக்குள் எங்கோ போய் இடித்தது. அந்த அடுத்த வருஷம் எண்பத்தைந்து. அதற்கு முன்னால் எட்டு வருஷம் அவனுடைய வேலை உடுப்பைத் துவைத்தது அவள்தான். மெஷினில் போடும் முன் பின்பக்கப் படியில் நின்று ஓங்கி உதறுவாள். வெள்ளையாகப் புகை எழும். மூஞ்சியை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். ஒருநாள் திடீரென்று அவன் அவள் கையிலிருந்து அந்த உடுப்பைப் பிடுங்கினான். இனிமே என் துணிய நான் பாத்துக்கிறேன் என்றான். அவள் அதை ஊர் பூராவும் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

"நெவ். நீ உன் துணியத் துவைக்க ஆரம்பிச்சது எந்த வருஷம்?"

"எண்பத்தஞ்சு," என்றான்.

"அதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் அன்புன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்," என்றான். "ரே, நெசமா. அதுவும்தான். சொன்னா நீ பயந்திருப்ப. ராத்திரி பகல்னு இல்லாம பயந்துக்கிட்டே இருந்திருப்ப. நான் இருந்த மாதிரி."

"பயப்படறதுக்கு எனக்கும் உரிமை இருக்குல்ல?" என்று கத்தினாள். கத்தியதில் மூச்சு ஆழமாக இழுத்தது. அதற்காகவும் சேர்த்து அவன் மேல் ஆத்திரம் வந்தது. கோபப்படக்கூட முடியாத அறை அது. ஒரு நல்ல சண்டை போடக்கூட அதில் காற்று இல்லை.

வெளியே அவன் தரையில் சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவளும் உட்கார்ந்தாள். நடுவில் கதவு. அவன் முதுகு அந்தப் பக்கம், அவள் முதுகு இந்தப் பக்கம். நாற்பத்தேழு வருஷக் கல்யாணத்தில் எவ்வளவோ நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அல்ல.

கடைசியில் ரேலீன் எழுந்து ஜன்னல் பட்டைகளைத் திறந்து பக்கத்து வீட்டு ஸ்டோய்னாவைக் கூப்பிட்டாள். மாசிடோனியாவிலிருந்து கல்யாணமாகி வந்து அதே வீட்டில் ஐம்பது வருஷமாக மிளகாய் பயிரிடுகிறவள். வேலிக்கு மேல் தலை எட்டிப் பார்த்தது.

"என்னடி, உள்ள மாட்டிக்கிட்டியா? கதவு சிக்கிக்கிச்சா?"

"கதவு நல்லாத்தான் இருக்கு. நான்தான் திறக்கல."

"புருஷனோட சண்டையா?"

"அதுவும்தான். ஃபைப்ரோவை ஒடச்சிட்டேன், ஸ்டோய்னா."

ஸ்டோய்னாவின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. அவளுடைய புருஷனும் அந்தத் தூசியில்தான் போனான். குப்பைப் பைகளையும் ஒரு பழைய கவுனையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வீட்டுக்குள் வந்து, நெவிலைத் தரையிலிருந்து எழுப்பி, கையில் தூக்கும் சின்ன சிலிண்டரை மாட்டி, தன் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். அவன் போகமாட்டேன் என்று நடை முழுக்கச் சண்டை போட்டது ரேலீனுக்குக் கேட்டது. "நடங்கய்யா, வாய நடக்க விடாம காலை நடக்க விடுங்க" என்று ஸ்டோய்னா அதட்டியதும் கேட்டது.

ரேலீன் உடுத்தியிருந்ததை நனைத்துக் கழற்றிப் பையில் கட்டினாள். தலையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டாள். ஸ்டோய்னாவின் கவுனை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, பின்னால் சாத்தி, இடுக்கில் மறுபடி ஈரத்துண்டைத் திணித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் நெவில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷத்தில் அவன் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் போனது ஆஸ்பத்திரிக்குத் தவிர அதுதான் முதல் முறை. அவளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிலிண்டரில் இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

அடுத்த நாள் கல்நார் எடுக்கிற வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்து குளியலறையை பிளாஸ்டிக்கால் சீல் வைத்தார்கள். நாலு சுவரும் போக வேண்டும், முறைப்படி எடுக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கிளெனின் திங்கட்கிழமை போயிற்று. நர்ஸ் கண்ணைப் பார்க்காமல் முதியோர் இல்லத்துக்கான தாளை நிரப்பினாள். தற்காலிகம் என்று மூன்று முறை சொன்னாள். ரேலீனைச் சோதித்த டாக்டர் இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, வருஷம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார்.

இல்லத்தில் நெவிலின் அறைக்கு ஒட்டியே குளியலறை. வெள்ளை டைல்ஸ், தரையோடு தரையாக ஷவர். அவன் முதல் வேலையாகச் சுவரை விரல் முட்டியால் தட்டினான். இரண்டு இடத்தில் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டான்.

"இது நெசமாவே புது ஷீட்டு," என்றான்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை. அவனைச் சாகவிட்ட மாதிரியும் இருந்தது, அவன் தன்னை ஏமாற்றிய மாதிரியும் இருந்தது, எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. அவன் படுக்கைக்கு அடியில் இருந்த அழுக்குத்துணிப் பையை எடுத்தாள்.

"இங்கயே துவைப்பாங்களாம்," என்றான். கை தானாகப் பையைப் பிடித்தது.

"விடு நெவ்."

"ரே, அது என்..."

"விடுன்னு சொன்னேன்ல."

விட்டான்.

வீட்டுக்கு வந்து பின்பக்கப் படியில் நின்றாள். பையிலிருந்து அவனுடைய கம்பளிச் சட்டையை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறினாள். இந்த முறை மூஞ்சியைத் திருப்பவில்லை. வெயிலில் கொஞ்சம் ரொட்டித் தூள் பறந்தது, அவ்வளவுதான். கூடத்தில் மெஷின் உறுமாத வீடு பெரிதாக இருந்தது. சட்டையை வாஷிங் மெஷினில் போட்டு, சோப்புத்தூள் போட்டு, முக்காலியை இழுத்து எதிரே வைத்து, அது ஓடி முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.